கால் பார்த்து ஆள் சொல்கிறவள்

இஸ்திரிக்காரிக்கு, கேட்டைக் காக்கிற கேட்டம்மா மூவாயிரம் தர வேண்டியிருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் அன்றைக்கும் காலை ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் குனிந்து நின்று, வருகிற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி. அது பிள்ளைகளின் நெற்றிக்கு நேரே நீளும். அவள் கண் மட்டும் நெற்றிப் பக்கமே போகாது.

"லேஸைக் கட்டுடா. கவுந்து விழுந்து மூக்கை உடைச்சுக்கிட்டா உங்கம்மா என்னைத்தான் வந்து பிடிப்பா."

"என்னடி இது, கொக்குக்காலு? ஒண்ணரை வருஷம் வீட்ல உக்காந்து தின்னதெல்லாம் முழங்காலுக்குக் கீழேயே போயிருச்சா?"

பிள்ளைகள் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். யாரையும் அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அறுநூறு பேரை யார் மனப்பாடம் செய்வது? அது படித்தவர்கள் பாடு. மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடி வைத்தவளுக்குக் கால் போதும். குதிகால் தேய்ந்திருப்பது உள்பக்கமா வெளிப்பக்கமா, இழுத்து நடக்கிறதா குதித்து நடக்கிறதா, சாக்ஸ் எந்தக் காலில் சரிந்து கிடக்கிறது, இவ்வளவு பார்த்தால் போதும். யார் வீட்டுப் பிள்ளை, எந்த வகுப்பு, எந்தத் தெரு என்று சொல்லிவிடுவாள். பள்ளி திறந்த முதல் வாரம், பாதி முகம் மூடி வந்த பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் ஆசிரியைகள் திணறியபோது, "என்னைக் கேளுங்க டீச்சர்" என்று வகுப்பு வகுப்பாய்ப் போய்ச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஒரு தப்பும் வரவில்லை.

"இருபத்து மூணு வருஷம். இந்த கேட்டைத் தாண்டித்தான் டாக்டரும் போனான், களவாணியும் போனான். ரெண்டு பேரு காலும் எனக்குத் தெரியும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவாள். கேட்டு கிறீச்சென்று கத்தினால் காவல்காரிக்குக் கேவலமாம். அவளுக்கென்று போட்ட ஸ்டூலில் அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. சாப்பாட்டுத் தூக்குதான் அதில் உட்கார்ந்திருக்கும். கட்டின துணியோடு இந்த ஊருக்கு வந்து, கல் சுமந்து, மண் சுமந்து, கடைசியில் இந்த வாசலைப் பிடித்தவள். இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினாள். இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. "கேட்டுல நிப்பேனே தவிர, யாரையும் கேட்டு நிக்க மாட்டேன்" என்பது வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் வாயில் வரும் வசனம். அதைச் சொல்லும்போது சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்குவாள்.

அந்த வசனம் ஊரடங்கின் இரண்டாம் வருடம் வாயோடு நின்றுபோனது. அவள் கணவருக்கு மூச்சு முட்டியது. பள்ளிக்கூடமோ அதற்கு முன்பே ஐந்து மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தது.

"கேட்டே திறக்கல, கேட்டுக்கு எதுக்கும்மா ஆளு?" என்றார் கிளார்க்.

"பூட்டுன கேட்டுக்குத்தான் சார் காவல் வேணும்" என்றாள் இவள். அதை அவர் தாளாளர் காதில் போட்டாரோ இல்லையோ, சம்பளம் வரவில்லை.

அப்போது கை கொடுத்தவள் இஸ்திரிக்காரி. இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. மகள் இதே பள்ளிக்கூடத்தில் படித்தாள். தாயும் மகளுமாக இரண்டே பேர். அவள் பிழைப்பே அப்போது படுத்துக் கிடந்தது. வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறவனுக்கு மடிப்புச் சட்டை எதற்கு? ஆனாலும் பெட்டியைத் திறந்து, மகளின் ஃபீஸுக்கென்று மடித்து வைத்திருந்த மூவாயிரத்தை எடுத்து நீட்டினாள்.

"ஸ்கூலே பூட்டிக் கிடக்கு கேட்டம்மா. இது பெட்டியில தூங்குறதுக்கு அண்ணன் மூச்சுக்காவது ஆகட்டும்."

"ஸ்கூல் திறந்த அன்னிக்கே உன் கையில எண்ணி வெச்சிருவேன்."

ஆறாம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்தார். பணமும் போனது. வாக்கு மட்டும் நின்றது.

பள்ளி திறந்தது. நிறுத்தி வைத்த சம்பளம் வரவில்லை, வாசலுக்கு மேலே ஒரு பேனர்தான் வந்தது. ஒரு கை இன்னொரு கையைப் பற்றியிருக்கிற படம். 'குடும்பங்களோடு கைகோப்போம்' என்று போட்டிருப்பதாகக் கிளார்க் படித்துச் சொன்னார். கூடத்தில் மேசை போட்டு, பெற்றோரின் கஷ்டத்தைக் கேட்டுக்கொள்ள ஓர் இளம்பெண்ணையும் உட்கார வைத்தார்கள். பூட்டிக் கிடந்த மாதங்களில் போனிலேயே பாடம் நடத்தியதற்கு ஃபீஸ் பாக்கி என்று இஸ்திரிக்காரிக்குச் சீட்டு வந்திருந்தது. மூவாயிரம். கேட்டம்மாவே அவளை அந்த மேசைக்கு அனுப்பி வைத்தாள். அரை மணியில் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"கஷ்டத்தைச் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்கன்னாங்க. விட்டேன். இதைக் குடுத்து அனுப்பிட்டாங்க." கையில் கிருமி மருந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பாட்டில்.

"ஃபீஸு?"

"அது இவங்க பாக்குறதில்லையாம்." பாட்டிலையே கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவசரம் ஒண்ணும் இல்ல கேட்டம்மா... ஃபீஸ் கட்டச் சொல்றாங்க, அதான்."

அவ்வளவுதான் கேட்டாள். தெருவில் நின்று நாலு பேர் பார்க்கக் கத்தியிருந்தால் கேட்டம்மாவும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பாள். பாரம் பாதி இறங்கியிருக்கும். இப்படிச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மேசை போடாமல் கேட்டம்மாவும் ஓர் உதவி செய்தாள். ஷூ இல்லாமல் வரும் பிள்ளையை உள்ளே விடக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். ஒன்றரை வருடம் போடாமலே கிடந்த ஷூக்கள் புதுசு குலையாமல் இருந்தன, கால்கள்தான் வளர்ந்துவிட்டன. தன் காவல் கூண்டுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சு ஒன்றைப் போட்டாள். "சின்னதைக் கழட்டி வை, பெருசை எடுத்து மாட்டு. காசு கீசு கிடையாது, சாக்ஸ் நாத்தம் மட்டும் உங்க வீட்டோட." ஒரு வாரத்தில் எழுபது ஜோடி கைமாறின, கால்மாறின என்றுதான் சொல்ல வேண்டும். இஸ்திரிக்காரி மகளுக்கென்று சைஸ் நாலில் நல்லதாய் ஒரு ஜோடியைத் தானே பொறுக்கி எடுத்து, மண்டியிட்டு மாட்டியும் விட்டாள்.

இரண்டாம் வாரம் கிளார்க் ஒரு பட்டியலோடு வந்தார். பாக்கி வைத்திருக்கும் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டுமாம். பதினோரு பேரைப் படித்தார். இஸ்திரிக்காரி மகள் ஏழாவது.

நான்கு நாள் கேட்டம்மா அவளை உள்ளே விட்டாள். "அந்தப் பொண்ணு வந்துச்சா?" என்று கிளார்க் கேட்டபோது, "எல்லாரும் மூஞ்சிய மூடிக்கிட்டு வர்றாங்க, எனக்கு என்ன சார் தெரியும்? வயசாயிருச்சு" என்றாள். தன் வாயால் தன்னை அவள் குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் தாளாளர் வந்தார். கூடவே கேமராக்காரர். பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்து ஷூ பெஞ்சுக்குப் பின்னால் கட்டினார்கள்.

"யாரும்மா இந்த ஏற்பாடு பண்ணது?"

"நான்தாங்கய்யா." சாவிக்கொத்து குலுங்கியது.

"பலே. பிள்ளைங்களை எல்லாம் மாஸ்க்கோடயே அடையாளம் சொல்லிருவீங்களாமே? டீச்சருங்க சொன்னாங்க."

"மூஞ்சி எதுக்குங்கய்யா? காலைக் காட்டச் சொல்லுங்க, குலத்தையே சொல்றேன்."

தாளாளர் சிரித்தார். மாடிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏறிய ஒரு சிறுமியைக் காட்டினார். "அதோ, அது யாரு?"

"இஸ்திரிக்காரி மக. ஆறாவது பி. வலது காலு லேசா உள்ள வாங்கும். சைஸ் நாலு, நான் குடுத்த ஷூ."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வில்லை விட்டுப் போன அம்பை யார் பிடிப்பது? தாளாளர் கைதட்டினார். கேமராக்காரர் கைதட்டினார். கிளார்க் மட்டும் கைதட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்தார்.

"வயசாயிருச்சுன்னீங்க?" என்றார், மெதுவாக.

சிறுமியைக் கீழே அழைத்துவரச் சொல்லிக் கேட்டம்மாவையேதான் அனுப்பினார்கள். சிறுமி பெஞ்சில் உட்கார்ந்து, முடிச்சுகளை நிதானமாய் அவிழ்த்து, இரண்டு ஷூவையும் ஜோடியாக வைத்து, லேஸை உள்ளே சொருகினாள். வழியில் போட்டுவரும் பழைய செருப்பைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வேற யாருக்காவது குடுத்துருங்க கேட்டம்மா. நல்ல ஷூ."

"ரெண்டே நாளுடி. சம்பளம் வந்துரும், நானே கட்டிருவேன்."

"சரி கேட்டம்மா."

வலது கால் உள்ளே வாங்க, சிறுமி தெருமுனை வரைக்கும் போனதைக் கேட்டம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் கேட்டைப் பூட்டியதும் நேரே அலுவலகக் கதவுக்குப் போய் நின்றாள். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாள் தாளாளரின் காருக்குப் பக்கத்தில் நின்றாள். ரெண்டே நாள் என்றது மூன்று வாரமானது. நாலாம் வாரம் கிளார்க் கூப்பிட்டு, ஒரு மாதப் பணத்தை மேசைமேல் வைத்து, தாளில் கையெழுத்து கேட்டார்.

"இதுல என்ன சார் போட்டிருக்கு?"

"உதவித்தொகைன்னு இருக்கு. கைகோக்கிற திட்டத்துல உங்களையும் சேத்துருக்கோம்."

"உதவியா? என் சம்பளம் சார் அது."

"பேர்ல என்னம்மா இருக்கு, காசு வந்தா சரிதானே? மீதி நாலு மாசத்தை அப்புறம் பாப்போம்."

கேட்டம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, தெரிந்த மூன்று எழுத்தில் தன் பேரை எழுதினாள். கேமராக்காரர் அதையும் படம் பிடித்தார்.

அன்று மதியமே இஸ்திரிக் கடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே நிற்க இடமில்லாமல் துணி குவிந்து கிடந்தது. முக்கால்வாசி சீருடை, அந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடைதான். ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று மகள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கடி?"

"துணி வாங்கப் போயிருக்காங்க. வேலை நிறைய கேட்டம்மா. ஸ்கூல் திறந்துட்டாங்கல்ல."

"நாளைக்கு வந்துரு. ஃபீஸைக் கட்டிரலாம். உன் ஷூவை யாருக்கும் குடுக்கல, கூண்டுக்குள்ள பூட்டி வெச்சிருக்கேன்."

"பேரை எடுத்துட்டாங்களாம் கேட்டம்மா. மறுபடி சேரணும்னா அதுக்குத் தனியா கட்டணுமாம்." ஒரு சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

கேட்டம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"கையை நீட்டு."

சிறுமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து நீட்டினாள். அறுநூறு பிள்ளைகளின் காலைத் தெரிந்தவள், ஒரு பிள்ளையின் உள்ளங்கையை அன்றைக்குத்தான் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே புதுக் கொப்புளம், நீர் கோத்து நின்றது.

"ஒண்ணு" என்று முதல் ஐந்நூறை வைத்தாள். "ரெண்டு." கொப்புளத்தில் படாமல் ஒவ்வொரு தாளையும் விரல் பக்கமாகத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஆறாவதை வைத்ததும், தாள்கள் சரியாமல் இருக்க அந்த விரல்களைத் தானே ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டைவிரலை மட்டும் தொடவில்லை.