என் பேரில் அவர்கள் கும்பிடும் சாமி

மலேசியாவில், ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் நான் வேலை பார்க்கும் சட்டைத் தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை கேக் வெட்டுவார்கள். அந்த மாதம் பிறந்தவர்களை வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டுவார்கள். எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது. ஆடியில் பிறந்தாள், அறுப்புக்கு முன்னால் பிறந்தாள் என்று சொல்வதோடு சரி. முதல் வருடம் என்னை அந்த வரிசைக்கு இழுத்தபோது, "இத்து புக்கான் சாயா புஞ்ஞா" என்றேன். அது என்னுடையது இல்லை என்று அர்த்தம். எங்கள் மேற்பார்வையாளர் ரொஹானா நல்ல மனுஷி. நான் கேக்கைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "டியா மாலு லா" என்று மற்றவர்களிடம் சிரித்துவிட்டு, பெரிய துண்டாக வெட்டி என் கையில் திணித்தாள். எனக்கு வெட்கமாம். வெட்கம் எனக்கு உண்டுதான். நாலு பேர் பார்த்தால் சோறு இறங்காது. ஆனால் அன்றைக்கு நான் சொன்னது உண்மை. அந்தப் பிறந்த நாள் என்னுடையது இல்லை. என் அடையாள அட்டையில் உள்ள பேரும் என்னுடையது இல்லை. இரண்டும் என் பெரியப்பா மகள் அஞ்சலையுடையவை. அவள் செத்து நாற்பது வருடம் ஆகிறது.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். எழுதும்போது அழுகை வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும். இங்கே என்னைப் போல இன்னொருத்தர் சீட்டில் வந்து, இன்னொருத்தர் பேரில் வாழ்ந்துகொண்டிருப்பவர்களும் படிக்க வேண்டும். நான் ஒருத்தி மட்டும் இப்படி வந்திருக்க மாட்டேன்.

தென்னாற்காட்டில் மானம் பார்த்த பூமி எங்களுடையது. பெரியப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெரியம்மாவையும் ஒரே மகள் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்க வந்தார். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினொன்று. அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அங்கேயே வளர்ந்தவள். காலில் செருப்பு போட்டிருந்தாள். ஏரியில் குளிக்கச் சொன்னால், "சூசா லா இங்க" என்று மூக்கைச் சுளிப்பாள். கஷ்டம் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு. நாங்கள் அவளைச் 'சூசா' என்றே கூப்பிட்டோம். அவள் கோபித்துக்கொண்டு, "உங்க ஊரே வேணாம், நான் வீட்டுக்குப் போறேன்" என்பாள். அவளுக்கு வீடு என்றால் அந்தத் தோட்டம். மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனாள். ஏரிக்கரையில் புதைத்தார்கள். அவளைச் சூசா என்று கடைசியாகக் கேலி பண்ணியது நான்தான்.

பெரியப்பாவிடம் திரும்பிப் போக மூன்று பேருக்குக் காகிதம் இருந்தது. அப்போதெல்லாம் புதிதாக ஆள் இறங்க விடமாட்டார்கள். பழைய காகிதம் உள்ளவர்கள் மட்டும் திரும்பலாம். பிள்ளைகளுக்குப் படம் கிடையாது, பேரும் வயதும்தான். ஒரு சீட்டு வீணாகப் போகிறதே என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு வயிறு குறையும். ஒன்றரை மாதம் கழித்து நான் கப்பலில் இருந்தேன். ஏழு நாளும் பெரியப்பா என்னை உட்காரவைத்துப் பாடம் சொன்னார். பேர் என்ன? அஞ்சலை. எங்கே பிறந்தே? தோட்டத்து ஆஸ்பத்திரியில. இவங்க யாரு? அம்மா. பினாங்கில் அதிகாரி என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது எனக்கு வாய் திறக்கவில்லை. வெட்கம். அவர் கடல் மயக்கம் என்று நினைத்து, பாவம் என்பதுபோலத் தலையைத் தட்டி அனுப்பிவிட்டார். ஏழு நாள் படித்த பாடத்தை ஒப்பிக்காமலே நான் அஞ்சலை ஆனேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிவப்பு அட்டைக்காரர்களுக்குத் தோட்டங்களில் வேலை போனது. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த அட்டை அது. இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் தகரப் பெட்டியோடு ஈப்போ ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். என்னிடம் இருந்தது நீல அட்டை. அஞ்சலை இங்கே பிறந்தவள் அல்லவா. அந்த அட்டை இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை, என் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி இல்லை. செத்தவள் போட்ட சோற்றைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. அதனால்தான் போன வருடம் வந்த கடிதம் என்னை அப்படி எரித்தது.

கடிதம் எழுதியவன் என் தம்பி கோவிந்தன். நான் கப்பல் ஏறும்போது அவனுக்கு ஒரு வயது. அவனுக்கு நான் பெரியப்பா மகள் அஞ்சலை அக்கா. உண்மையைக் காகிதத்தில் எழுதக்கூடாது என்று பெரியப்பா சத்தியம் வாங்கியிருந்தார். அப்பா சொல்லியிருப்பார், அம்மா சொல்லியிருப்பாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். கோவிந்தன் எழுதியிருந்தான்: "மகள் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படைத்தோம். சிறு வயதில் தவறிப்போன என் கூடப்பிறந்த செல்லாயி அக்காதான் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். கிணற்றடியில் பம்பை அடித்து மூன்று முறை பேர் சொல்லி அழைத்தோம். அக்கா என் சம்சாரத்தின் மேல் இறங்கி, பச்சைப் பாவாடை கேட்டாள். வாங்கி வைத்துவிட்டோம்." கடிதத்துக்குள் குங்குமப் பொட்டலம் இருந்தது.

செல்லாயி நான். கன்னியாகச் செத்த பெண்ணைச் சாமியாக்கிக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள், தலையில் நரை, மூட்டில் வலி. என்னைக் கிணற்றிலிருந்து அழைத்திருக்கிறார்கள். நான் வந்தும் இருக்கிறேன். எனக்குப் பச்சை நிறமே பிடிக்காது.

பெரியப்பா செத்த பிறகு பெரியம்மா ஈப்போவில் எங்களோடுதான் இருக்கிறாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடமாக அம்மா என்று கூப்பிட்டவளை அன்றைக்குத்தான் வேறு மாதிரிக் கூப்பிட்டேன்.

"பெரியம்மா, ஊர்ல என்னைச் செத்துட்டேன்னு எழுதினாங்களா?"

"யாருடி பெரியம்மா?"

"நீதான்."

அவள் கை நிற்கவில்லை. இன்னும் நாலு தலை கிள்ளினாள். "எழுதத்தான் செஞ்சாங்க. கிராம முன்சீப்பு சாவு நோட்ட தொறந்து வச்சுக்கிட்டு, பேரு எதுப்பான்னான். ஒங்க பெரியப்பன் வாயே தொறக்கல. ஒங்க அப்பன்தான் செல்லாயின்னான். அஞ்சலை செத்துட்டான்னு எழுதிட்டா காயிதம் செல்லாதில்ல."

"எங்க அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"அவளத்தான அழச் சொன்னாங்க. செத்தது அவ மவளாம். எம்மவ கப்பல்ல வாராளாம், நீ எதுக்கு அழணுங்குறான் ஒங்கப்பன். கருமாதியப்ப ஒன்னைய ஒங்க பாட்டி ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஒங்கம்மா நடு வாசல்ல உக்காந்து ஒப்பாரி வைக்கிறா. நான் மாட்டுக் கொட்டாயில சாணி அள்ளுறேன்."

"ஊரு பூராப் பாத்துச்சே, செத்தது யாருன்னு!"

"பாத்துச்சு. பாத்தவன்லாம் போயிட்டான். நோட்டு இருக்குல்ல."

"இங்க வந்த பொறவாவது அவளுக்கு ஒரு வெளக்கு ஏத்தினியா? ஒரு தடவ அவ பேரச் சொன்னியா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் சொன்னேனே. அஞ்சலை, தண்ணி கொண்டா. அஞ்சலை, கதவச் சாத்து. ஒன்னையக் கூப்புட்டேன்னா நெனச்ச?"

இதைப் படிக்கிறவர்களுக்குப் பெரியம்மாமேல் இரக்கம் வரலாம். எனக்கு அன்றைக்கு வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. அவளைக் கூப்பிட்டாள் என்றால், என்னை யார் கூப்பிட்டார்கள்? பத்து வயதில் ஒருத்தியைப் பெற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் செத்தவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பெற்றவர் என்னை உயிரோடு இருக்கும்போதே செத்தவளாக எழுதி முடித்துவிட்டார். நடுவில் அஞ்சலை, ஊராரால் புதைக்கப்பட்டு, யாராலும் அழப்படாமல், அவளுக்குப் பிடிக்காத ஏரிக்கரையில் கிடக்கிறாள்.

கோவிந்தனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நான் கேட்டது ஒன்றுதான். அந்தப் பாவாடை அஞ்சலைக்குச் சேரவேண்டியது. அடுத்த முறை கிணற்றடியில் அவள் பேரைச் சொல்லி அழை, போதும். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "தாங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், செல்லாயி அக்கா வந்து வாக்குச் சொன்ன பிறகுதான் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. இப்போது பேரை மாற்றினால் சாமி குற்றமாகிவிடும். தாங்கள் அங்கே அஞ்சலையாக நலமாக இருங்கள். அக்கா இங்கே சாமியாக இருக்கட்டும்." கூடவே குங்குமம், மறுபடியும்.

என் தம்பிக்கு உயிரோடு இருக்கும் அக்காவைவிடச் செத்துப்போன அக்கா உபயோகமாக இருக்கிறாள். வேறென்ன சொல்ல?

இங்கே தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படைப்பது பெரிய காரியம். அவர்கள் விரும்பித் தின்றது, குடித்தது, புதுத் துணி எல்லாம் வைத்து, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் பேர் தவறியும் வரக்கூடாது. அஞ்சலையைக் கூப்பிட முடியாமல் போனது இதனாலும்தான். பேர் என்னிடம் இருந்தது. இந்த வருடம் லகாட் சாலைக் கடையில் பதினொரு வயதுக்குப் பாவாடை சட்டை கேட்டேன். "பேத்திக்கா அக்கா?" என்றான் கடைக்காரன். ஆமாம் என்றேன். மஞ்சள் நிறத்தில் எடுத்தேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பாவின் வேட்டிக்கும் ஸ்டவுட் பீர் பாட்டிலுக்கும் பக்கத்தில் அதை வைத்தேன். என் கணவருக்கு எல்லாம் தெரியும். லாரி ஓட்டுகிறவர், சத்தமாகத்தான் பேசுவார். அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார்.

"எடுத்து உள்ள வை லா. பிள்ளைங்க கேட்டா என்னா சொல்லுவே?"

"அவ பேரச் சொல்லி ஒரு வாய் சோறு வைக்கணும்."

"பைத்தியமா ஒனக்கு? நாளைக்கு மவன் வெளிய போயி, எங்கம்மா பேருல செத்தவ ஒருத்தி இருக்கான்னு ஒளறினா? பிள்ளைங்க பொறப்புச் சூராட் எல்லாம் அந்தப் பேருலதான இருக்கு. மூணு பேரும் ரோட்டுலதான் நிக்கணும்."

அவர் சொன்னது தப்பில்லை. அந்தப் பயத்தில்தான் இந்தக் கட்டுரையிலும் தோட்டத்தின் பேரை விட்டுவிட்டேன். ஆட்களின் பேர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆமாம், அவளுடையதையும். அவளுக்காக எழுத உட்கார்ந்தும் அவள் பேரை எழுத முடியவில்லை. இந்தக் கோபத்தை யார்மேல் இறக்குவது?

பிள்ளைகள் வந்து நின்றார்கள். மகள் பாவாடையைப் பார்த்து, "யாருக்குமா இது?" என்றாள். பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாவாடையை எடுத்து இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள்.

"பெருசா இருக்கு," என்றாள். "நிக்காது. அவளுக்கு இடுப்பே கெடையாது."

ஊசி கேட்டாள். கண் தெரியாததால் நான் நூல் கோத்துக் கொடுத்தேன். பட்டியை மடித்து இரண்டு பக்கமும் தைத்தாள். பல்லால் நூலைக் கடித்தாள். பிறகு பெரியப்பாவைப் பேர் சொல்லி அழைத்தாள், அவர் பெற்றவர்களைப் பேர் சொல்லி அழைத்தாள். அடுத்து வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்கவில்லை.

நான் யாரையும் மன்னிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

படைத்த துணியை அந்த அளவுள்ள ஒருத்தர் உடுத்த வேண்டும் என்பது முறை. ஊரில் என் பச்சைப் பாவாடையைக் கோவிந்தனின் மச்சினி மகள் யாரோ கட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடியிருப்பாள். இங்கே மஞ்சளைக் கட்ட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. மறுநாள் அதை மடித்து, காகிதங்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பிறப்புப் பத்திரம் அவளுடையது. பள்ளிச் சான்றிதழ் அவள் பேரில். கல்யாணப் பத்திரம் அவள் பேரில். எல்லாவற்றுக்கும் மேலே பாவாடையை வைத்து அழுத்தினேன். டின் நிறைந்துவிட்டது. கோவிந்தன் அனுப்பிய இரண்டு குங்குமப் பொட்டலமும் கையில் இருந்தன. அவை மட்டும்தான் என்னுடையவை. அவற்றை வைக்க உள்ளே இடம் இல்லை.