இரண்டாவது முளை

வாசல் அலங்காரத் தொழிலில் பொம்மையை நிறுத்துவது சுலபம். நிறுத்தின இடத்திலேயே அதை நிற்க வைப்பதுதான் வேலை. கல்யாண வாசலில் கைகூப்பும் பெண், பிளைவுட் யானை, கிறிஸ்துமஸ் தேவதூதர் எல்லாம் எங்கள் வீட்டுக்காரர் அறுத்து வண்ணம் அடிப்பார். முளை அடித்துக் கயிறு கட்டுவது என் பாகம். ஏழாவது வரைதான் படித்தவள் நான். ஆனாலும் தொண்ணூறுகளில் ஆரணியில் நான் முடிச்சுப் போடாத தெரு கிடையாது. கடப்பாரை பிடித்துக் கை கொப்பளித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நம்மில் ஒருத்தி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யானை போன வழி

வைகாசியில் தரை கல்லாக இறுகிக் கிடக்கும். முந்தின நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால்தான் முளை இறங்கும். ஒரு கல்யாண வாசலில் யானை நிறுத்தின அன்றைக்கு நான் ஊற்றவில்லை. சோம்பல்தான், வேறென்ன சொல்ல. யானைக்குப் பின்னால் இரண்டு முளை அடிக்க வேண்டியது. ஒன்றை மட்டும் நாலு விரல் ஆழம் அடித்துவிட்டு, "ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும்" என்று ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் காற்று எழும்பியது. யானை முளையையும் பிடுங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி, எதிர் சலூன் வாசலில் போய் முட்டி நின்றது. முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, மாப்பிள்ள கார்ல வர்றாருன்னாங்க, யான தனியா வந்துகினு இருக்குது?"

முட்டி போட்ட தூதர்

எங்கள் சபைக்கு ஆறடித் தேவதூதர் வைத்தோம். கார்த்திகை மழையில் மண் களியாக இருந்தது. முளை இறங்கின சுகத்தில், இறங்கினது அதே சுகத்தில் வெளியே வரும் என்று நான் யோசிக்கவில்லை. மணல் மூட்டையும் வைக்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது தூதர் முழங்கால் ஒடிந்து, முகத்தைச் சேற்றில் வைத்துக்கொண்டிருந்தார்.

"காத்து ஜாஸ்தி" என்றேன். அன்றைக்கு மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. பாட்டுக் குழுவின் ஸ்டெல்லா அக்கா மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜெபம் பண்ணிட்டுத்தான்க்கா கட்டினேன்" என்று இழுத்தேன். தூதரின் மூக்கில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜெபத்த அவரு கேட்டுக்குவாரு எஸ்தரு, முளைய நீதான் அடிக்கணும்."

தெருக்கோடிக் கட்டை

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு தரம் பேனாவை மூடினேன். நெசவாளர் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு. வாசலுக்கு வளைவு. தரை கடப்பாரைக்கே மசியவில்லை. அந்தத் தெருக்கோடியில் பாவு இழுத்துக் கட்டுகிற மரக்கட்டை ஒன்று உண்டு. காலையில் வெயில் ஏறுவதற்குள் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விரித்து, அதில்தான் இறுக்கிக் கட்டுவார்கள். ஆரணியில் பிறந்த யாரும் வேறு எதற்கும் அதைத் தொட மாட்டார்கள். நான் வளைவின் பச்சைக் கயிற்றை அதில் கட்டினேன். காற்றில் வளைவு ஆட ஆட, கட்டையும் கூடவே ஆடியது. பொழுது சாய வளைவை இறக்கி வைத்துக் கயிற்றை அவிழ்த்தபோது கட்டையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி. பார்த்தேன். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வளைவை எடுக்கப் போனால், ஏகாம்பரம் என்பவருடைய பாவு தெருப் புழுதியில் கிடக்கிறது. இழுத்துக் கட்டினதும் கட்டை சாய்ந்து, இழைகள் நடுவில் அறுந்திருந்தன. அந்தப் பாவு வீணானால் தறி நிற்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட சேலையும் நிற்கும். "கட்டைய ஆட்டிப் பார்த்துட்டுக் கட்டுன்னு சொன்னேனே, கண்ண எங்க வச்சிருந்த?" என்று தன் மனைவி மல்லிகாவை அவர் தெருவே பார்க்கத் திட்டினார். அவள் தலை நிமிரவில்லை.

அம்மா வீட்டில் தறி இருந்ததால் இழைக்கு முடிச்சுப் போட எனக்குத் தெரியும். செய்ததைச் சொல்லாமலே மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, உச்சி வெயில் வரை முடிச்சுப் போட்டோம். பாவு பிழைத்தது. சேலையும் நாள் தப்பாமல் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எழுந்திருக்கும்போது மல்லிகா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டார். "கூடப் பொறந்தவங்ககூட இப்படி வந்து குந்த மாட்டாங்கம்மா."

போளூர் பஸ்

பிறகு ஃபிளெக்ஸ் போர்டு வந்தது, எங்கள் யானைகளை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு ஊர் போனார்கள். ஒவ்வொரு தரமும் சபையில் திருவிருந்துக்கு முழங்காலிடும்போது அந்தக் கட்டைதான் கண்முன் வரும். ஒருநாள் போளூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மல்லிகா. பாதி வழி தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அதிரவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. உங்க பச்சைக் கயிறோட பிசிறு கட்டையில ஒட்டிகினு இருந்துச்சே."

"அப்புறம் ஏம்மா சொல்லல? திட்டு வாங்கினது நீயாச்சே?"

"சொன்னா அவரு உங்க மேல பாய்வாரு, நீங்க எழுந்து போயிடுவீங்க. அவ்ளோ இழைக்கும் நான் ஒருத்தியா முடிச்சு போட முடியுமா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பாரம் இறங்கியது என்றே நினைத்தேன். போளூர் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். இப்போது சிரிக்கவில்லை. "மோர் குடுக்கும்போதாவது சொல்வீங்கன்னு பார்த்தேன்க்கா."

காற்று தூக்கிப்போன பொம்மைகளை எல்லாம் ஓடிப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டேன், அந்த ஒரு டம்ளர் மோர்தான் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.