அம்மா காத்த கருவாட்டுக் களம்

என் சம்பந்தி அமெரிக்காக்காரர். அவருடைய பாட்டன்மார் நார்வேயிலிருந்து கப்பலேறிப் போன மீனவர்களாம். போன வாரம் கீழ்வேளூரில் என் வீட்டுக்கு வந்தவர், அவர்கள் தின்ற மீன் என்று விறகுபோலக் காய்ந்த ஒன்றை எடுத்து, ஊறவைக்குமுன் சுத்தியலால் அடித்தார். நாலாம் வகுப்பைத் தாண்டாமலே விசைப்படகுகள் வாங்கியவன் நான். அந்த வாடை என்னைச் சின்ன வயசுக்கே இழுத்துப் போனது.

எங்கள் கடலோரக் குப்பத்துக் களத்திலும் விடிந்தால் இதே வாடைதான், பெண்கள் மீன் பிளந்து உப்புத் திணித்து மணலில் பரப்ப, மீனைக் கொத்த வரும் காக்கைகள் கல்லடிபட்டு விழுந்துகொண்டிருக்கும். அந்த மணல்தான் எங்களுக்குச் சோறு. அதைப் பிடுங்கப் பக்கத்துக் குப்பத்தார் தடிகளோடு வந்தபோது, அம்மா காயப்போட்டிருந்த திருக்கை மீன் வாலை உருவிக்கொண்டு எதிரே நின்றாள்.

"பொம்பளைய அடிக்க மாட்டோம், ஒதுங்கு ஆத்தா."

"நான் ஆம்பளைய அடிப்பேன்டா."

அந்த வாலில் அரம்போல முள். சொன்னவன் கன்னம் கிழிந்து தொங்கியது. அவர்கள் அவள் வலது கையை ஒடித்தார்கள், அவள் இடது கையால் விளாசினாள், கடைசியில் ஓடியது அவர்கள்தான். ரத்தம் தெறித்த மீனை அலசி மறுபடி உப்பிட்டாள்.

பிறகு வருஷா வருஷம் கடலாத்தா ஏறி அந்தக் களத்தைத் தின்றாள். கடைசி மணலும் போன அன்று, கோணிப்போன கையோடு அலைக்கு எதிரே நின்று அம்மா கேட்டாள்:

"இவள எங்கன்னுடா அடிக்கிறது?"