மாஸ்டர் நாற்காலிக்கு ஒரு ஆள்

மோகனப்ரியாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெந்நீர், மிளகு, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் பேசியாக வேண்டும். திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால், வங்கித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு சென்டரின் மாடி அறையில் மேஜையைச் சுற்றி எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னிக்கு யாராவது ஒருத்தர் நடத்துங்கப்பா. எனக்குக் குரலே வரல" என்றாள்.

யஸ்வந்த் போனைப் பார்த்தான். கிஷோர் ஃபேனைப் பார்த்தான்.

"மெதுவா பேசுங்க மாஸ்டர், நாங்க கிட்ட வந்து உக்காந்துக்கறோம்" என்றான் யஸ்வந்த். சொன்னபடியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் பேசினாள். மறுநாள் அவள் வேலை செய்யும் லேபில் ரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் "கையை மடக்குங்க" என்பதைக்கூட சைகையில் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர்கள் ஆடியது ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கதைக்குள் போகிற ஆட்டம். ஒருவர் திருடனாக இருப்பார், ஒருவர் வைத்தியராக, இன்னொருவர் கோட்டையிலிருந்து தப்பி வந்த காவலாளியாக. கேம் மாஸ்டர் என்கிறவர்தான் அந்த உலகத்தைச் சொல்ல வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன, காட்டுக்குள் கேட்கிற சத்தம் எது, கடைக்காரன் என்ன பதில் சொல்கிறான், எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஆடுவதற்கு ஆள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். மாஸ்டர் கிடைக்காவிட்டால் எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நகரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. சென்னையில் படித்தபோது ஹாஸ்டல் தோழிகளிடம் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். திருப்பதியில் லேப் வேலை கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி ஆள் சேர்த்தாள். அன்றிலிருந்து அவள்தான் மாஸ்டர். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் அவளுடைய நைனா, "ஞாயித்துக்கெழமயானா கூட வர முடியாத அளவுக்கு அங்க என்னாம்மா வேலை?" என்பார். "கதை சொல்றேன் நைனா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிடுவாள். ஆனால் ஒரே ஒரு தடவையாவது மேஜையில் ஆடுகிறவர்கள் பக்கம் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைத் திறக்க வேண்டும் என்ற ஆசை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

தொண்டை சரியானதும் ஆள் பிடிக்கத் தொடங்கினாள்.

முதலில் கிஷோர். அரக்கோணத்துக்காரன், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. கேட்டதுமே ஒத்துக்கொண்டான். அன்று ராத்திரியே ஒரு நாட்டின் வரைபடம் அனுப்பினான். அப்புறம் அந்த நாட்டு அரசர்களின் வம்சாவளி. அப்புறம் அவர்களுடைய நாணயத்தின் படம். நடத்துகிற நாள் மட்டும் வரவேயில்லை. "இன்னும் தெக்குப் பக்கம் மலை முடியல மாஸ்டர்" என்பான். மாம்பழ சீசன் தொடங்கி முடிந்தது; மலை முடியவில்லை.

அடுத்து யஸ்வந்த். அவன் நடத்திய ஒரே ஆட்டத்தில் எல்லோரும் ஒரு குகைக்குள் நுழைந்தார்கள், குகை இடிந்து விழுந்தது, எல்லோரும் செத்தார்கள். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டீங்க, நடத்திட்டேன். இனிமே கேக்காதீங்க" என்றான்.

மிச்சமிருந்தது ரூபா. பாகாலாவில் வீடு, சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் தெலுங்கு. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து, அதிகம் பேசாமல் ஆடிவிட்டுப் போவாள். மோகனப்ரியா அவளை விடாமல் பிடித்துக்கொண்டாள். தினமும் மெசேஜ், விதிப் புத்தகம் இரவல், உன்னால் முடியும் என்று ஓயாத பேச்சு. கடைசியில் ரூபா சம்மதித்தாள்.

"பாகாலா ஜங்ஷன்ல ரயில் நிக்குது" என்று ஆரம்பித்தாள் ரூபா. "நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க. முழிச்சி ஜன்னல்ல பாக்கறீங்க. போர்டுல ஊர் பேரு இருக்கு. எழுத்து தமிழும் இல்ல, தெலுகும் இல்ல. ப்ளாட்ஃபார்ம்ல நிக்கற அத்தன பேரும் உங்களையே பாக்கறாங்க."

யஸ்வந்த் போனைக் கவிழ்த்து வைத்தான். மோகனப்ரியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவள் அப்படியே கேட்டுக்கொண்டு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிஷோர் ரயில் கதவை உடைக்கிறேன் என்றான். பத்துக்கு மேல் விழுந்தால் உடையும் என்றாள் ரூபா.

"பத்து இல்ல ரூபா, இரும்புக் கதவுக்குப் பதினஞ்சு" என்றாள் மோகனப்ரியா.

ரூபா தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மோகனப்ரியா, "அவனுக்கு இப்ப முறை வராது, யஸ்வந்துக்குத்தான்." இன்னும் கொஞ்ச நேரத்தில், "இருட்டுல அது தெரியாதே, அதுக்கு ஒரு விதி இருக்கு, பக்கம் சொல்றேன் இரு." அதற்குப் பிறகு ரூபா எதைச் சொல்வதற்கு முன்னும் மோகனப்ரியாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். குரல் இறங்கிக்கொண்டே போனது. பாதியில், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

மோகனப்ரியாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இனிமேல் நான் நடத்த மாட்டேன், யார் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளுங்கள் என்று குழுவில் போட்டாள். கிஷோர் கும்பிடும் கையைப் போட்டான். யஸ்வந்த் கட்டைவிரலைத் தூக்கினான். அதோடு சரி. மாடி அறை வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஒருத்தருக்கும் ஒரு துடிப்பும் இல்லை என்று அவள் லேபில் கூட வேலை செய்யும் பெண்ணிடம் புலம்பித் தீர்த்தாள்.

கடைசியில் அவளே ரூபாவுக்கு போன் செய்தாள். நேரில் பேசணும் என்றாள். "சனிக்கிழம மத்தியானம் ஸ்கூலுக்கு வந்துடுங்க அக்கா. அன்னிக்கு அர நாள்தான்" என்றாள் ரூபா.

சித்தூர் பஸ்ஸில், என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். பள்ளியில் ஸ்டாஃப் ரூமின் கதவு திறந்திருந்தது. உள்ளே டிபன் பாக்ஸ்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாலைந்து டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையின் தலைப்பக்கம் ரூபா. கையில் பிள்ளைகள் ஆடுகிற சாதாரண ஆறு முகப் பகடை. விதிப் புத்தகமே காணோம். தமிழும் தெலுங்கும் கலந்து அவள் பேசிய பேச்சில் ஒரு டீச்சர் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்திருந்தாள்.

மோகனப்ரியா கதவருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரூபா செய்தது ஒன்றும் விதிப்படி இல்லை. யார் முந்திச் சொன்னார்களோ அவர்களுக்கே முறை. பகடை நன்றாக விழாவிட்டாலும் சில சமயம் பலித்தது. மோகனப்ரியாவுக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

முடிந்ததும் ரூபா பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து வந்தாள்.

"இவ்ளோ நல்லா நடத்தற. அங்க வந்து நடத்தேன் ரூபா."

"நீங்க பாத்துக்கினு இருந்தா எனக்கு வாயே வர மாட்டேங்குது அக்கா. பரீட்சை எழுதற மாதிரி இருக்கு."

"நல்லா வரணும்னுதானே சொன்னேன்?"

"தெரியும் அக்கா. அதான் அப்பவே சொல்லல."

"சரி, நான் இங்க வந்து ஆடறேன். வாயே தொறக்க மாட்டேன்."

"இங்க இடம் ஃபுல் அக்கா. யாராச்சும் வராம நின்னுட்டா சொல்றேன்" என்றாள் ரூபா. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் மோகனப்ரியாவுக்குக் கோபம் ஆறவேயில்லை. புத்தகம் கொடுத்தது யார், கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தது யார்? எனக்கே இடமில்லையாம். சந்திரகிரி வரும்வரை ரூபாவைத் திட்டினாள். அதற்குப் பிறகு, ரூபா தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மலை முடியவில்லை என்று கிஷோர் இழுத்தடித்ததற்கும் அதே முகம்தான் காரணமோ என்று தோன்றியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பஸ்ஸிலிருந்தே அவனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு நீ நடத்தற."

"மலை இன்னும்..."

"மலை கெடக்குது போ. எது ரெடியோ அத நடத்து. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"நெஜமா?"

"நெஜமா."

மறுநாள் கிஷோர் வேர்த்து வழிய மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தான். யஸ்வந்த் தன் நண்பர்கள் இருவரைக் கூட்டி வந்திருந்தான். ஆட்டம் தள்ளாடியது. அரசனின் பெயரைக் கிஷோர் இரண்டு விதமாகச் சொன்னான். ஒரு சந்தையைச் சொல்லத் தொடங்கி, நாணயத்தின் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவித்தான். சந்தேகம் வரும்போதெல்லாம் அவன் கண் அவள் பக்கம் போனது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய பாத்திரம் ஒரு திருடி. ஒரு மண்டபத்துக் கதவை மெல்லத் திறந்தாள். அப்பால் தரையில்லை, பாழுங்கிணறு. பகடையை உருட்டினாள். எட்டு.

"விழுந்துட்டீங்க மாஸ்டர். செத்துட்டீங்க" என்றான் கிஷோர். சொல்லிவிட்டு அவனே பயந்து போனான்.

விதிப்படி அவள் சாகக் கூடாது. விளிம்பைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கத்தின் எண்கூட அவளுக்கு மனப்பாடம். இத்தனை வருஷம் காத்திருந்து ஆட உட்கார்ந்தவள், ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. தொண்டை வரை வந்ததை விழுங்கினாள்.

"சரி, செத்துட்டேன். வேற ஆள் போட்டுக்கினு வரேன், ஒரு பேப்பர் குடு" என்றாள்.

கிஷோர் பேப்பரை நீட்டினான். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கெணத்துக்குள்ள இருந்து ஒரு சத்தம் கேக்குது" என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.