இடது கை வாசித்த கல்யாணப் பாட்டு

தங்கையின் கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, தாம்பரம் ஸ்டேஷன் படியில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் சர்ச்சில் ஞானப்பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவள் நான்தான்.

"கல்யாணத்துக்கு வாசிக்க வேற யாரையாவது ஏற்பாடு பண்ணிடலாம்டி," என்றேன் தங்கையிடம்.

"ஏன்க்கா, இடது கை சும்மாதானே இருக்கு?" என்றாள்.

உண்மையில் அந்தக் கை எப்போதுமே சும்மாதான் இருந்தது. ராகம் முழுக்க வலது கையில் ஓடும். இடது கை தாளத்துக்கு ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஆபீஸுக்கு லீவு. மத்தியானங்களில் சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தேன். முதலில் ராகத்தையே இடது கையால் வாசித்துப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் தடுமாற, பாட்டு நொண்டியது. ஒரு சனிக்கிழமை என் கணவரும் என்னோடு வந்தார். பாடகர் குழுவில் கீழ்க்குரலில் பாடுகிறவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ராகத்தை விட்டுடு. அதை நாங்க பாடிக்கிறோம். நீ கீழே தாங்கிப் பிடிச்சுக்கோ, போதும்."

அவர் பாட, நான் பிடித்துப் பார்த்தேன். முதல் தட்டுக்குச் சுண்டுவிரலால் ஆழமான ஒரு சுரம், அடுத்த தட்டுகளுக்கு மற்ற விரல்களால் அதற்கு மேலே சேர்ந்தொலிக்கும் சுரங்கள். சுரங்கள் மாறும் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி வேறிடத்தில் போட்டதால் தவறிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் புரிந்தது, அடுத்து வேண்டிய சுரங்கள் வேறு வரிசையில் பக்கத்திலேயே இருந்தன. ஒரு விரலை நகர்த்தினாலே போதும். பாட்டின் ஒவ்வோர் அடியும் முடிகிற இடத்தில் கீழ்ச் சுரத்தைப் பிடித்து நிறுத்தினால், பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

"இப்ப பாடறதுக்கு சுகமா இருக்கு," என்றார்.

கல்யாண நாளில் சர்ச் நிறைந்திருந்தது. ஆரம்பத்தை வாசித்தேன். என் கணவர் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார்; ராகம் காதில் விழாததால் எங்கே தொடங்குவதென்று பாடகர் குழுவில்கூட யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தைப் பிடித்தபடி எல்லோரும் நின்றார்கள். நிறுத்தாமல் அதே ஆரம்பத்தை இன்னொரு முறை வாசித்தேன்.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. முக்காடு போட்ட மணப்பெண்ணே பாடத் தொடங்கியிருந்தாள். மாப்பிள்ளை திகைத்துப் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டார். அடுத்த அடிக்குள் சர்ச் முழுவதும் பாடியது. அத்தனை குரல்களும் என் ஒரு கையின் மேல் வந்து அமர்ந்ததுபோல் இருந்தது. கை அசரவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு வலது கைக்குப் பலம் வரப் பல மாதங்களாயின. அதுவரை ஞாயிறுதோறும் இடது கை நடத்த, வலது கை மெல்லப் பின்னால் வந்தது. சபையார் முன்பைவிட உரக்கப் பாடினார்கள்.