பட்டி பூசிய மட்கார்டு

ஞாயிற்றுக்கிழமை காலை 6.40-க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். மடியில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி. அதற்குள் பஞ்சு சுற்றி, நாலு மாதம் உட்கார்ந்து நான் செய்த ஒரு வெள்ளை அம்பாசிடர். அசல் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு.

எதிரில் இருந்த பெண்மணி பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "பெட்டில கேக்காம்மா?"

"பொம்மைக் கார்."

"பேரப் பிள்ளைக்கா?"

எனக்கு வயது நாற்பத்தேழு. "எனக்குத்தான்" என்றேன். அவர் அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பல் லேபில் வேலை எனக்கு. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக் கேப்பும் பல் செட்டும் செய்வோம். மாலையில் அதே கருவிகளை வைத்து வீட்டில் சின்னச் சின்னக் கார்கள் செய்வேன். என்னைப்போன்ற கிறுக்கு பிடித்தவர்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். குழுவை நடத்துகிற தாமோதரன் உத்திரமேரூர்ப் பக்கத்து நிலக்காரர். இரண்டு வாரம் முன்பு அவர் ஒரு டிராக்டரின் படங்களைப் போட்டார். தகரத்தை வெட்டி, வளைத்து, எல்லாவற்றையும் கையாலேயே செய்த மாடல். 'ஏழு மாத உழைப்பு' என்று கீழே எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று. டயரின் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக வெட்டி ஒட்டியது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத் தன் தோட்ட வீட்டுக்கு வரச் சொல்லி எங்களை அழைத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காலை 8.05. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் உத்திரமேரூர் வண்டி. முப்பது கிலோமீட்டர் சொச்சம், வழியெல்லாம் ஏரிக்கரை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டே "கல்வெட்டு பாக்கவாம்மா?" என்றார். வெளியூர் முகம் என்றால் அங்கே அந்த ஒரு கேள்விதான் போலிருக்கிறது. உத்திரமேரூரில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி: ஐம்பத்தைந்து ரூபாய். பிறகு பெருநகர் என்ற ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறி இருபது நிமிடம். இறங்கிய இடத்தில் கதிர் விட்ட வயல், நடுவில் ஒற்றைத் தென்னை வரிசை, அதன் முடிவில் தாமோதரனின் வீடு.

காலை 10.30. எனக்கு முன்பே இருவர் வந்துவிட்டார்கள். ஜோசப் சார் தபால் துறையில் ஓய்வு பெற்றவர்; ஜீப்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். சுரேஷ் கம்ப்யூட்டர்க்காரன், முப்பது வயது, வீட்டிலேயே முப்பரிமாண (3D) அச்சு இயந்திரம் வைத்துப் பாகங்களை எடுப்பவன். கூடத்து மேசையில் அவரவர் கொண்டுவந்ததைப் பரப்பினோம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எங்களுடைய பழைய சண்டை ஆரம்பித்தது: மாடலில் அழுக்குப் பூசலாமா, கூடாதா?

"ஷோரூம்ல இருந்து இப்பதான் வெளிய வந்த மாதிரி இருக்கணும் சார்" என்றான் சுரேஷ்.

"அப்ப கடையில போய் பொம்மை வாங்கிக்கோ" என்றார் ஜோசப் சார். "ஓடின வண்டி ஓடின மாதிரி இருக்கணும். இதோ பாரு, என் ஜீப்புல இடது கதவுல கீறல். அசல்ல இருந்தது, அதனால இதுலயும் இருக்கு. இல்லாட்டி அது பொய்."

எனக்கு அவரைப் பிடிப்பதே இதற்காகத்தான். அரை மணி நேரம் வாயார ஆமாம் போட்டேன்.

தாமோதரன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து மேசை நடுவில் வைத்துத் திறந்தார். சிவப்பு டிராக்டர். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பியது. சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கியது. ஜோசப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எந்த அளவு சார்?" என்று கேட்டேன்.

"பத்துல ஒண்ணு மேடம்."

கையோடு கொண்டுபோயிருந்த அளவுக் கருவியால் பின் டயரை அளந்தேன். பதினேழு சென்டிமீட்டர். பத்தால் பெருக்கினால் ஐந்தரை அடிக்கு மேல் வருகிறது. அவ்வளவு பெரிய டயர் எந்த வயலில் ஓடுகிறது? டயர் பற்களை எதில் வெட்டினீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் பொறுமைதான் மேடம்" என்றார். பொறுமையை வைத்து ரப்பர் வெட்ட முடியாது.

இடப்பக்க மட்கார்டில் விரலை ஓட்டினேன். இருபத்தைந்து வருடம் பல்லைத் தடவிப் பழகிய விரல். ஓரிடத்தில் தகரம் தடித்திருந்தது. பெயிண்டுக்கு அடியில் பட்டி. கார் பட்டறைகளில் நெளிவை நிரவப் பூசுகிற அதே பட்டி.

"இங்க என்ன சார்?"

"சின்ன ஓட்டை. விடுங்க மேடம், பிரியாணி வந்துடுச்சு."

பகல் 12.15. கை கழுவுவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். கொட்டகையில் அசல் டிராக்டர் நின்றது. பையிலிருந்த அளவு நாடாவால் பின் டயரை அளந்தேன். நூற்று முப்பத்தாறு சென்டிமீட்டர். அப்படியானால் மாடல் எட்டில் ஒன்று! செய்தவருக்குத் தன் மாடலின் அளவே தெரியாமல் இருக்குமா? இடப்பக்கம் சுற்றி வந்தேன். மட்கார்டு உள்வாங்கி நசுங்கியிருந்தது, சுவரின் மூலையில் இடித்த மாதிரி நேர்க்கோட்டில் ஒரு ஒடுக்கு.

டிராக்டருக்கு அடியிலிருந்து ஒருவர் கிரீஸ் கையோடு வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். டிரைவர் கன்னியப்பன். ஊருக்கு வெளியே இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்று பிறகு சொன்னார்.

"இன்னா மேடம், அளக்கறீங்க?"

"உள்ளே ஒரு குட்டி டிராக்டர் இருக்கு. அது ஏன் எட்டில் ஒன்று என்று பார்த்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. "கயித்தால அளந்தேன் மேடம். அளந்துட்டு மூணு தபா மடிச்சேன். மடிச்சா எட்டு தான வரும்? டயரு பழைய செருப்பு. சீட்டு ஸ்பிரிங்கு சிகரெட்டு லைட்டர்ல கீறது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மட்கார்டு எப்டி கீது? கரண்டிக் காம்பால தட்டினேன். ஒடுக்கு சரியா வந்துக்கீதா?"

"மட்கார்டு வழவழன்னு இருக்கு. பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

கன்னியப்பன் கையிலிருந்த துணியை டயர்மேல் வைத்தார். "சென்னைக்காருங்க வராங்கோ, உம்பேர சொல்லிக் காமிச்சிட்டுத் தரேன்னு தான வாங்கிக்கினு போனாரு" என்றார்.

கொட்டகைக்குப் பக்கத்துக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தார். அவருடைய மனைவி செல்வி. வலது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இல்லை. "ஒடுக்க மூடிட்டாங்களா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, கணவரைக் கேட்டார்.

அங்கே நின்றபடியே அந்த ஒடுக்கின் கதையைக் கேட்டேன். இரண்டு வருடம் முன்பு அறுவடை நேரம். செல்வி மோட்டார் கொட்டாயின் சுவர் ஓரம் நின்று தண்ணீர்க் குழாயை மூடிக்கொண்டிருந்தார். வந்திருந்த உறவுக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காகத் தாமோதரன் டிராக்டரில் ஏறிப் பின்னால் எடுத்தார். மட்கார்டுக்கும் சுவர் மூலைக்கும் நடுவில் செல்வியின் கை. கன்னியப்பன் அப்போது எதிர் வரப்பில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டிரைவர் ஓட்டியதாகத் தாமோதரன் தரப்பில் சொன்னார்கள். ஊரில் அதோடு ஒரு வார்த்தையும் சேர்ந்துகொண்டது: குடித்துவிட்டு ஓட்டினான்.

"பொண்டாட்டி கைய ஒடச்சவன்னு தான் இவர சொல்றாங்கோ" என்றார் செல்வி. "குடிக்கவே மாட்டாரு."

"வாங்க உள்ளே, எல்லார் முன்னாலும் கேட்போம்" என்றேன்.

"வாணாம் மேடம்" என்றார் கன்னியப்பன். "நாளிக்கிக் காலீல நான் இங்க தான் வேலைக்கு வர்ணும்."

சரி என்றேன். விபத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் மாடலைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. கூடத்துக்குத் திரும்பி, இலை முன்னால் உட்காராமல் நின்றபடியே சொன்னேன்: "இதைச் செய்தவர் பின்னால கிரீஸ் போட்டுக்கிட்டு இருக்கார். கன்னியப்பன்."

தாமோதரன் சிரித்தார். "தகரம் என்னுது, பெயிண்ட் என்னுது, ஆளு என்னுது. கட்டடம் கட்டினா கொத்தனார் பேரா போடறாங்க?"

"போட்டோவுக்குக் கீழே ஏழு மாத உழைப்புன்னு எழுதினீங்களே, யார் உழைப்பு?"

சுரேஷ் இலையைப் பார்த்தான். நான் ஜோசப் சாரைப் பார்த்தேன். கீறல் இல்லாவிட்டால் பொய் என்று காலையில் முழங்கியவர் அல்லவா! அவர் எலும்பை ஓரமாக ஒதுக்கி வைத்தார். "ஆள் வச்சு செய்யறது சகஜம்தாம்மா. வந்த இடத்துல எதுக்கு? சாப்பாடு ஆறுது, உட்காரும்மா."

தாமோதரன்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம்தான் எனக்கு அதிகம். பொய் சொல்கிறவனை எங்கேயும் பார்க்கிறோம். உண்மையின் அழகைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுப் பிரியாணிக்காக வாயை மூடுகிறவரை என்ன செய்வது?

அப்போது செல்வி கூடத்துக்குள் வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக மேசைக்குப் போய் டிராக்டரைத் தூக்கினார்.

"செல்வி, வை அத" என்றார் தாமோதரன்.

"எங்க வூட்டுக்காரு செஞ்சது. எட்த்துக்கினு போறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "யம்மா, இந்தப் பூச்ச எட்க்க முடியுமா?"

என் பையில் மெழுகு செதுக்கும் கத்தி இருந்தது. எடுத்தேன். "மேடம், அது என் வீட்டுப் பொருள்" என்று தாமோதரன் எழுந்தார். நான் நிமிரவில்லை. பட்டி பூசிய ஆள் அடியிலிருந்த பெயிண்டைத் தேய்க்காமலே பூசியிருந்தார். கத்தி முனையை நுழைத்து நெம்பியதும் பக்குப் பக்காக உரிந்து வந்தது. நடுவில் வெளிச்சம் போதவில்லை. யாரோ கைப்பேசி விளக்கைப் பிடித்தார்கள். சுரேஷ். கையை ஆட்டாமல் பிடித்திருந்தான். இருபது நிமிடத்தில் ஒடுக்கு முழுதாக வெளியே வந்தது. நேர்க்கோட்டில், சுவர் மூலை இடித்தது போலவே.

செல்வி மீதி மூன்று விரலால் அதைத் தடவினார். "இங்க தான் என் கை இருந்திச்சு" என்றார் ஜோசப் சாரிடம், பெட்டிக்கடையில் விலை சொல்கிற குரலில். பிறகு தாமோதரனைக் காட்டினார். "இவரு தான் ஓட்னாரு. என் வூட்டுக்காரு வண்டீலயே இல்ல."

ஒருவரும் சாப்பிடவில்லை. வாசலில் வந்து நின்றிருந்த கன்னியப்பனைப் பார்த்துத் தாமோதரன் சொன்னார்: "நாளையிலேருந்து வர வேணாம்."

பிற்பகல் 2.40. கன்னியப்பன், செல்வி, நான் மூவரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். டிராக்டர் செல்வியின் இடுப்பில், குழந்தை மாதிரி. "என்னாலதான் உங்க வேலை போச்சு" என்றேன்.

"நீங்க இன்னா பண்ணீங்க? நாந்தான கேட்டேன்" என்றார் செல்வி.

பேருந்து வருவது தெரிந்ததும் கன்னியப்பன் சொன்னார்: "கோவப்பட்டுட்டு நீங்க ரயிலு ஏறிடுவீங்க மேடம். நாங்க எங்க ஏர்றது?" குரலில் கடுப்பு இல்லை. நிஜமாகவே கேட்டார். என் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மாலை 5.20. செங்கல்பட்டு நடைமேடையில் கைப்பேசியைப் பார்த்தேன். குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். அதற்குப்பின் தாமோதரன் போட்ட செய்தியைச் சுரேஷ் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தான்: வெளியாள் ஒருவர் அவருடைய மாடலைச் சேதப்படுத்திவிட்டாராம். கூடவே சுரேஷ் எடுத்த மூன்று படங்கள், ஒடுக்கோடு. 'குழுவில் இருந்த நாற்பது பேருக்கும் செய்தவர் பெயர் போட்டு அனுப்பிவிட்டேன். என்னையும் நீக்கிவிட்டார்' என்று எழுதியிருந்தான். நான் இழந்தது ஒரு வாட்ஸப் குழு. கன்னியப்பன் இழந்தது அவர் வீட்டு அடுப்பை எரியவைத்த வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவே கூசுகிறது.

பன்னிரண்டு நாள் கழித்துச் செல்வி கூப்பிட்டார். கன்னியப்பன் தென்னேரிப் பக்கம் அறுவடை வண்டி ஓட்டுகிறாராம். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். வேலையும் அறுப்பு முடியும்வரைதான். அதற்குமேல் தெரியாது. டிராக்டர் டிவிக்கு மேலே இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் ஊர்க்காரப் பெண் ஒருத்தி கிட்டே வந்து, "அன்னிக்கி ஓட்னது உன் வூட்டுக்காரு இல்லியாமே, யாரு தான் ஓட்னது?" என்று கேட்டாளாம். செல்வி பெயரைச் சொன்னாராம்.

எங்கள் தாம்பரத்துத் தெருவில் ஒரு ஸ்கூட்டர் உரசினாலும் யார் ஓட்டியது என்று பத்துப் பேர் கூடிக் கேட்பார்கள். அங்கே ஒரு பெண்ணின் இரண்டு விரல் போய், அந்தக் கேள்வி ஒருவர் வாயிலிருந்து வருவதற்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.