ஐயனே என்று கேட்ட பாட்டு

எந்த ஆண்டு என்று அறுதியிட முடியவில்லை. ஈழத்தில் போர் முடிந்தபின் மாமா பாரிஸுக்கு வந்து சேர்ந்த முதல் கோடை என்பதும், லா சப்பலில் பிள்ளையார் தேர் ஓடுவதற்கு முந்திய ஞாயிறு என்பதும் மட்டும் நிச்சயம். நாங்கள் ரூ காய் என்ற தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே குடியிருந்தோம்.

மாமா அம்மாவின் அண்ணன். அவரும் அவர் தம்பி சின்ன மாமாவும் வருவதாக இருந்தது. "நான் மட்டும்தான் வந்தனான்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மேல்வீட்டில் பாட்டு ஓடும்போது மட்டும் எழுந்துபோய்ப் படிக்கட்டில் இருப்பார்.

மேல்வீட்டுக்காரர் குவாதலூப் என்ற கரீபியன் தீவைச் சேர்ந்தவர். இடுப்புவரை சடை, மச்சம் மாமிசம் தொடமாட்டார். அவர் போடுவது ரெகே இசை என்று அம்மாவுக்குத் தெரியாது. அடிக்கொருதரம் "ஐயனே, ஐயனே" என்று வருவதால் அது பஜனை என்று முடிவுகட்டி, அவருக்குச் சடைச்சாமி என்று பெயரும் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் வடை கொடுத்தனுப்புவார்.

அந்த ஞாயிறு அம்மா அவரை வீட்டுக்கே அழைத்துவிட்டார்.

"சாமி சொன்னால் அண்ணை கேப்பார். ஐயனைப் பாடுற வாயாலை ஒருக்கா கோயிலுக்கு வரச்சொல்லட்டும். நீ பிரெஞ்சிலை சொல்லு, பிள்ளை."

சொன்னேன். கடித்த வடையோடு அவர் என்னைப் பார்த்தார். எந்த ஐயன்? அம்மா பாடியே காட்டினார். அவர் சடை குலுங்கச் சிரித்தார்.

"அது ஐயனே இல்லையாம், அம்மா. இங்கிலீசிலை 'ஐ அண்ட் ஐ'யாம். நானும் நானும்."

"நானும் நீயும் எண்டெல்லோ வரவேணும்? ஆருக்குப் பிழை, உனக்கோ அவருக்கோ?"

கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். அவருடைய முன்னோரை அடிமைகளாகக் கப்பலேற்றி, தாய் வேறு பிள்ளை வேறாக விற்றார்களாம். அதனால் அவர்கள் மார்க்கத்தில் 'நீ' என்று ஒருவரைப் பிரித்துச் சொல்வதில்லை. எல்லாருக்குள்ளும் இருக்கிற கடவுள் ஒன்றே. பக்கத்தில் இருப்பவரும் நான், பிரிந்துபோனவரும் நான். பாடுகிறவர் ஒருவரானாலும் அத்தனை பேரும் சேர்ந்தே பாடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த தமிழில் அதைச் சுருக்கினேன். "எங்கையோ போன ஆளும் நான்தானாம். ஒருத்தரும் தனிய இல்லையாம்."

கட்டிலில் கிடந்த மாமா எழுந்து இருந்தார்.

"திருப்பிச் சொல்லு, பிள்ளை."

சொன்னேன். இன்னொருதரம் சொல்லச் சொன்னார். பள்ளியில் நான், நீ, அவன் என்று வினைச்சொல் அட்டவணை ஒப்பித்துப் பாராட்டு வாங்கிய காலம் அது. மாமாவுக்கு இலக்கணம் விளங்கவில்லையென்று நினைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கச் சொன்னேன்.

"தம்பியுமோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா, ஆர் எண்டாலும்தான்."

மாமா அம்மாவிடம் திரும்பி, "தேர் எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?" என்றார்.

அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றையும் கழுவாமல் நின்றார். ஒரு இலக்கணச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்த பெருமையில் நான் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன்.